சேதாரமில்லாத வீடு

பொன்விழா ஊழியர் வீடுகட்டும் கூட்டுறவுச் சங்கத்தின் சரித்திரத்தில் எந்தப் பொருளும் தானாக உடைந்தது கிடையாது. உடைந்திருந்தால் யாரோ ஓர் உறுப்பினர் உடைத்திருக்கிறார் என்று பொருள். உடைத்தவர் யார், ஏன் உடைத்தார், எந்தக் கையால் உடைத்தார் என்பதை விசாரிக்கச் சங்கத்தில் ஓர் உபகுழு இருந்தது. அதன் பெயர் சேதாரக் குழு. நகைக்கடைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கை தானாகப் பர்ஸைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சங்கத்து உறுப்பினர்களுக்கோ நகைக்கடையே தேவலை என்று தோன்றும்.

வேதநாயகி டீச்சருக்கு 1998 செப்டம்பர் வரை இதெல்லாம் தெரியாது. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ரிட்டயரானவர். பரப்பளவு, சதவீதம், சராசரி எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கணவர் சந்திரன் வேலையில் இருந்தபோது சங்கத்தில் சேர்ந்து வாங்கிய மனை, ஆனேக்கல் போகும் வழியில் இருந்தது. அதில் சுவர், கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் முடிந்து தரை மட்டும் பாக்கி. அடுத்த மார்ச் முப்பத்தொன்றுக்குள் சுவரிலிருந்து சுவர் வரை தரை போட்டுச் சான்றிதழ் வாங்காவிட்டால் மனை சங்கத்துக்கே திரும்பிவிடும் என்பது விதி. மனைமேல் நிற்கும் வீடு என்னாகும் என்று விதியில் சொல்லவில்லை. அதுவும் கூடவே போகும் போலிருந்தது.

சந்திரனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. அவர்கள் குடியிருந்த வாடகை வீடு இரண்டாவது மாடியில், முப்பத்தாறு படி ஏறிப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவதைத் தவிர, எட்டு மாதமாக அவர் தெருவையே பார்க்கவில்லை. சமமான தரையில் தினமும் நடக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடகை வீட்டில் அறைக்கு அறை காலை இடறும் ஒரு படி. அதனால் புது வீட்டில் படுக்கையறையிலிருந்து வாசல் வரை ஒரே மட்டமாகத் தரை போட வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். ஒவ்வொரு நாள் சாயந்தரமும் சந்திரன் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தரை எதுவரைக்கும் வந்திருக்கு வேதா?"

தரை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. டைல்ஸை வெளியில் வாங்கவும் வழியில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே தரை இருந்தால்தான் உறுப்பினர்களுக்குள் ஒற்றுமை வளரும் என்று சங்கம் முடிவெடுத்து, பால் தூக்கலாகிவிட்ட காபி நிறத்தில், அடிக்கு அடி அளவில், மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்தது. வேறு டைல்ஸ் ஒன்றே ஒன்று தரையில் தென்பட்டாலும் சான்றிதழ் கிடையாது.

"நம்ம தரை அறுநூறு சதுர அடி. அறுநூறு டைல்ஸ் போதுமா?" என்று டீச்சர் மேஸ்திரி கோவிந்தப்பாவைக் கேட்டார்.

கோவிந்தப்பா ஆனேக்கல்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். சிரித்தார். "எங்க போதும் அம்மாவரே? லாரியில நாலு உடையும். ஓரத்துல வெட்டறப்போ துண்டு வீணாகும். நாளைக்குக் குழாய் ரிப்பேர்னு ரெண்டு பேர்த்தா அதே கலர் எங்க போய்த் தேடறது? பத்து பர்சென்ட் ஜாஸ்தி எழுதுங்க. அறுபது."

நியாயமான கணக்கு. அறுநூற்றறுபது என்று எழுதிக்கொண்டு டீச்சர் சங்க அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஏழு-பி என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். தலைப்பு, 'எதிர்பார்க்கப்படும் சேதாரம்'. கீழே கட்டங்கள். உடையப்போகும் டைல்ஸின் எண்ணிக்கை, உடையப்போகும் இடம், உடையப்போகும் தேதி, காரணம். எல்லாவற்றுக்கும் கடைசியில், உடைக்கப்போகிறவரின் பெயரும் கையொப்பமும்.

கோவிந்தப்பா அந்தக் காகிதத்தைக் கையால் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "முப்பது வருஷமா வேலை செய்றேன். உடைக்கப்போறேன்னு யாருக்கும் எழுதிக் குடுத்தது இல்ல. நாளைக்கு இதைக் காட்டி போலீஸ்ல புடிச்சுக் குடுத்தா? வேணாம், பேடா அம்மாவரே."

வேறு வழியில்லாமல் டீச்சரே உடைக்கப்போகிறவராகக் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் ஒரு தம்ளரைக்கூட உடைக்காதவர்.

பத்து நாளில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சங்க அலுவலகத்தில் தரை முழுக்க வெள்ளைப் பளிங்கு. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். சேதாரக் குழுவின் கன்வீனர் அலெக்சாண்டர், சட்டைப் பையில் மூன்று பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கத் தலைவர் வைத்தீஸ்வரன். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"மேடம், அறுபது உடையும்னு எழுதியிருக்கீங்க" என்று ஆரம்பித்தார் அலெக்சாண்டர். "ஐம்பத்தொம்பதுதான் உடைஞ்சுதுன்னா?"

"ஒண்ணு மிச்சமாகும் சார்."

"அப்போ நீங்க எழுதினது பொய். சரி, அறுபத்தொண்ணு உடைஞ்சா?"

"ஒண்ணு பத்தாது."

"அப்பவும் பொய்."

"இது ஒரு உத்தேசம் சார். நூத்துக்குப் பத்துன்னு..."

"உத்தேசத்துக்குப் படிவத்துல கட்டம் இல்ல மேடம்."

டீச்சர் விடவில்லை. ஓரத்தில் பொருத்த டைல்ஸை வெட்ட வேண்டியிருக்கும், வெட்டினால் குறையும் என்று பொறுமையாக விளக்கினார். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு விளக்குகிற அதே குரல். அலெக்சாண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெட்டினா ஒரு டைல்ஸ் ரெண்டாகுது. ஜாஸ்திதானே ஆகுது? எங்க குறையுது?" என்று கேட்டார். டீச்சருக்கு ஒரு நிமிஷம் தான் படித்த படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நம்ம ஜனங்க மனசுலயே ஒரு பத்து பர்சென்ட் ஒட்டிக்கிட்டிருக்கு. சாதம் வடிச்சா ஒரு பிடி ஜாஸ்தி. துணி எடுத்தா கால் மீட்டர் ஜாஸ்தி. இதனாலதான் நாடு முன்னுக்கு வரல. இந்த ஆபீஸையே எடுத்துக்குங்க. தேவை எண்ணூறு அடி மார்பிள். நான் ஆயிரத்து அறுநூறுக்கு ஆர்டர் போட்டேன். ஏன் போட்டேன்? ஆபீஸ் தரைங்கறது உங்க எல்லாரோட மானம். எண்ணூறு மிச்சம் வந்துது. வீணாக விட்டேனா? எங்க வீட்டு ஹால், பூஜை ரூம், போர்ட்டிகோ எல்லாத்துக்கும் கரெக்டா வந்துடுச்சு. ஒரு துண்டு வீணாகல. சேதாரம் பூஜ்யம். அதுக்குத்தான் பிளானிங் வேணும்."

குழு மேசையைத் தட்டியது. கூட்டத்தில் யாராவது தட்டினால் கூடவே தட்டுகிற பள்ளிக்கூடப் பழக்கத்தில் டீச்சரும் தட்டிவிட்டார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அறுபதைத் தருவதா இல்லையா என்பதை, டைல்ஸ் வந்து இறங்கியதும் மனையிலேயே உடைவுப் பரிசோதனை நடத்தி முடிவு செய்வது என்று தீர்மானம் நிறைவேறியது.

ஜனவரியில் லாரி வந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாக அறுநூறு. ஆண்டவர் கிருபையில் ஒன்றுகூட உடையவில்லை. மறுநாளே குழு வந்துவிட்டது. டீச்சர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அலெக்சாண்டர் அடுக்கிலிருந்து நாற்பது டைல்ஸை எடுக்கச் சொன்னார். முழங்கால் உயரத்திலிருந்து பத்து, இடுப்பு உயரத்திலிருந்து பத்து, தோள் உயரத்திலிருந்து பத்து, தலைக்கு மேலிருந்து பத்து. ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கோவிந்தப்பா பார்க்கச் சகிக்காமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றார்.

முழங்கால் உயரத்தில் மட்டும் நாலு பிழைத்தன. மற்ற முப்பத்தாறும் உடைந்தன. அலெக்சாண்டர் குறித்துக்கொண்டு முடிவை வாசித்தார்.

"டைல்ஸ், போட்டா உடையுது. போடலைன்னா உடையல. தரையில பதிச்ச டைல்ஸ் மறுபடி கீழ விழ வாய்ப்பில்ல. ஆகவே இந்த வீட்டுக்கு சேதாரம் தேவையில்ல."

"சார், அப்போ இந்த நாற்பது?"

"இது சேதாரமே இல்ல மேடம். இது பரிசோதனைச் செலவு. சங்கத்துக்கு நீங்க செஞ்ச ஒத்துழைப்பு." பிழைத்த நாலையும் மாதிரி என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஐந்நூற்றறுபதை வைத்துக்கொண்டு கோவிந்தப்பா வேலையை ஆரம்பித்தார். அவர் மாதிரி கைப்பதமான ஆள் அந்த லேஅவுட்டில் கிடையாது. அப்படியும் அஞ்சு உடைந்தது. ஓரங்களில் இருபத்தாறை வெட்டியதில் பாதிப் பாதியாகப் பதிமூன்று வீணானது. உடைந்ததைக் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்று ஒரு விதி இருப்பதாகக் கேள்விப்பட்டு, டீச்சர் எல்லாத் துண்டுகளையும் இரண்டு கோணிப்பையில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கண்டக்டர் கல்லா என்று கேட்டார். ஆமாம் என்றார் டீச்சர். விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை.

அலெக்சாண்டர் துண்டுகளை மேசைமேல் பரப்பி ஒவ்வொரு டைல்ஸாகச் சேர்த்துப் பார்த்தார். உடைந்த அஞ்சிலும் எங்கேயாவது நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு குறைந்தது. "முழுசா உடைஞ்சிருந்தாதான் முழுசா தர முடியும்" என்று ஒதுக்கினார். வெட்டிய துண்டுகளையும் பார்த்துவிட்டு, "இதுல பாதிதானே இருக்கு? மீதிப் பாதி?" என்றார்.

"தரையில இருக்கு சார்."

"அதைப் பேர்த்து எடுத்துட்டு வாங்க. தர்றேன்."

மனு திருப்பி அனுப்பப்பட்டது. திருப்பி அனுப்பிய மனுவைச் சங்கத்தில் பதிவு செய்கிற வழக்கமில்லை.

ஆக, ஐம்பத்தெட்டு குறைந்தது. அக்கம்பக்கத்து உறுப்பினர்களைக் கேட்டுப் பார்த்தார். அவரவருக்கே பற்றாக்குறை, ஒருவர் பாத்ரூம் வாசலில் கோணி விரித்திருந்தார். மார்ச் முதல் வாரம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயந்தரமும் சந்திரன் ஜன்னலோரம் உட்கார்ந்து, "தரை எதுவரைக்கும் வந்திருக்கு வேதா?" என்று கேட்டார். பாத்ரூமுக்குப் போகும் வழிதான் பாக்கி, அங்கேதான் டைல்ஸ் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டீச்சர் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு பெட்டியிலிருந்து ஒரு கிராஃப் நோட்டை எடுத்தார். வீட்டின் வரைபடத்தைப் போட்டு, சந்திரன் நடக்கிற வழியை முதலில் பென்சிலால் கோடு இழுத்தார். கட்டிலிலிருந்து பாத்ரூம். கட்டிலிலிருந்து ஹால், வாசல். பிறகு யார் காலும் என்றைக்கும் படாத இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். தரையோடு தரையாக உட்காரும் பெட்டிக்கட்டில், ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு. இரும்பு பீரோ, ஆறு. சந்திரனின் புத்தக அலமாரி, எட்டு. கிரைண்டர் நாலு. அரிசி டிரம்மும் சிலிண்டரும் நிற்கிற மூலை நாலு. கூட்டினால் ஐம்பத்தெட்டு. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

மறுநாள் கோவிந்தப்பா கிராஃப் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கித் தரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "போட்டதைப் பேர்த்து இங்க போடணும். சொல்பகூட உடையாம வரணும், அவ்ளோதானே?" என்றார். இரண்டு நாள், குழந்தைக்கு மருந்து தடவுகிற மாதிரி உளியை வைத்து, டீச்சர் குறித்த இடங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். வெறும் இடத்தில் சிமெண்டை மட்டமாகப் பூசினார். அது காய்ந்ததும் கட்டில், பீரோ, அலமாரி எல்லாம் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

குழு வந்து சுவரிலிருந்து சுவருக்கு டேப் பிடித்தது. அறுநூறு சதுர அடி. ஸ்டோர் ரிஜிஸ்டரில் பார்த்தால் அறுநூறில் நாற்பது பரிசோதனைக்குப் போக ஐந்நூற்றறுபது. உடைந்ததாக ஒரு பதிவும் இல்லை. அலெக்சாண்டர் மூன்று பேனாவாலும் கழித்துப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "நாங்க அப்பவே சொன்னோம் மேடம்" என்றார்.

மார்ச் இருபத்தெட்டு, ஆண்டுக் கூட்டம். ஷாமியானாவுக்குக் கீழே இருநூறு உறுப்பினர்கள். மேடையில் டீச்சர் கழுத்தில் சந்தன மாலை. தலைவர் ஒரு கையில் 'சேதாரமில்லாத இல்லம்' என்று எழுதிய கேடயத்தை வைத்திருந்தார். இன்னொரு கையில் சான்றிதழ் இருந்தது. அதை அவர் இன்னும் கொடுக்கவில்லை.

"அறுநூறு அடித் தரை. ஐந்நூற்றறுபது டைல்ஸ். ஒண்ணு உடையல, ஒண்ணு வீணாகல. எப்படி முடிஞ்சுது? மனசு வெச்சாங்க, முடிஞ்சுது. அதனால இனிமே அறுநூறு அடிக்கு ஐந்நூற்றறுபதுதான். கணக்கு டீச்சரே செஞ்சு காட்டிட்டாங்க. இந்த அளவுக்கு நம்ம சங்கம் வேதநாயகி அளவுன்னு பேர் வைக்குது!"

கைதட்டல்.  ஐந்நூற்றறுபது எப்படி அறுநூறாகும், ஏழாம் வகுப்புப் பையன்கூட ஒப்புக்கொள்ள மாட்டானே என்று எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது டீச்சருக்கு. மைக் எதிரேதான் இருந்தது. ஆனால் தலைவரின் கையில் அந்தச் சான்றிதழ் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. காக்ஸ் டவுனில் முப்பத்தாறு படிக்கு மேலே சந்திரன் ஜன்னலோரம் காத்துக்கொண்டிருந்தார். டீச்சர் வாயைத் திறந்து, "நன்றி" என்று மட்டும் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தப்பான கணக்குக்கு அவர் சரி போட்டது அன்றைக்குத்தான். அந்த வெட்கம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஏப்ரலில் சந்திரன் புது வீட்டுக்கு வந்தார். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தார். ஒரு வாரத்தில் வாசல் வரை வந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கையை ஆட்டினார். எப்போதாவது, "அந்த பீரோ ஜன்னலை மறைக்குதே, இந்தப் பக்கம் தள்ளலாமே" என்பார். "அங்கயே இருக்கட்டும்" என்பார் டீச்சர்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமிநாதன் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிறவர், மாநகராட்சியில் வேலை. சங்கத்தில் அவருக்கும் மனை இருந்தது. அதே அறுநூறு அடி, கெடு மட்டும் அடுத்த மார்ச். தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து கையால் தடவிப் பார்த்தார்.

"டீச்சர், உங்க அளவுதான்னு எனக்கும் ஐந்நூற்றறுபது குடுத்துட்டாங்க. எங்க மேஸ்திரி முடியவே முடியாதுங்கறான். நீங்கதான் போட்டுக் காட்டியிருக்கீங்களே, எப்படின்னு சொல்லிக் குடுங்க. நான் நோட்டு கொண்டாந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

டீச்சர் சந்திரனைப் பார்த்தார். சந்திரன் ஒன்றும் புரியாமல் டீச்சரைப் பார்த்தார். "ஒரு கை குடுங்க" என்று டீச்சர் சாமிநாதனைக் கூப்பிட, இருவருமாகப் பீரோவை நகர்த்தினார்கள். அடியில் சாம்பல் நிறத்தில் வெறும் சிமெண்ட். சாமிநாதன் குனிந்து அதையும் தடவிப் பார்த்தார்.

"கட்டிலுக்கு அடியிலயும் இப்படித்தான். அலமாரி, கிரைண்டர், அரிசி டிரம் எல்லாத்துக்கு அடியிலயும். மொத்தம் ஐம்பத்தெட்டு. உங்களுக்கும் அவ்வளவுதான் குறையும்" என்றார் டீச்சர். "இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி சாமானை எல்லாம் கொண்டாந்து வெச்சிடுங்க. பெரிய பீரோவா இருந்தா நல்லது."

சாமிநாதன் நோட்டில் எதுவும் எழுதவில்லை. "எங்க வீட்ல பீரோ இல்ல டீச்சர்" என்றார். "கட்டிலும் இல்ல. பாய்தான். ஒரே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு."

"எவ்வளவு பெரிசு?" பழக்கத்தில் டீச்சருக்குக் கேள்வி வந்துவிட்டது.

"மூணடி இருக்கும். அகலம் ரெண்டடி."

"ஆறு டைல்ஸ்" என்றார் டீச்சர்.

சாமிநாதன் அதை மட்டும் எழுதிக்கொண்டார். கீழே ஒரு கோடு போட்டுக் கழித்தார். பிறகு பென்சிலைப் பிடித்தபடியே, கணக்குக்கு விடை தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரி நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"மீதி ஐம்பத்திரண்டுக்கு, டீச்சர்?"